விசிலடித்தால் அசையாத பில்லி

எங்கள் பால்டிமோரில் பில்லி ஸ்ட்ரோபெல்லைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் வீட்டில் பெண் குழந்தை இல்லை என்று அர்த்தம். ஹேசல்வுட் பெண்கள் பள்ளியில் கால் நூற்றாண்டாக லக்ராஸ் என்ற பந்தாட்டத்துக்குப் பயிற்சியாளர். அவள் வாங்கிக் குவித்த கோப்பைகளை வைக்க இடமில்லாமல் பள்ளி நூலகத்தில் ஒரு அலமாரிப் புத்தகங்களைத் தூக்கி வெளியே போட்டார்கள். நூலகரம்மா இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. நான் லோர்னா, பில்லியோடு ஒரே அணியில் ஆடியவள், பிறகு அவளுக்குத் துணைப் பயிற்சியாளர். துணை என்றால் வேறொன்றுமில்லை, பந்துப் பையைச் சுமப்பதும், அவள் திட்டி அழவைத்த பெண்ணுக்கு ஆரஞ்சுத் துண்டு கொடுப்பதும்தான்.

அவள் வெற்றியில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் ஆட்டத்தில், நுனியில் வலைப்பை கட்டிய மட்டையோடு பெண்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். அந்தக் காலத்து விதிப்படி நடுவர் விசில் அடித்தால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். ஓர் அடி கூடுதலாக நகர்ந்தாலும் நடுவர் பழைய இடத்துக்குத் துரத்திவிடுவார். மற்ற பள்ளிப் பெண்கள் ஓடி வந்த வேகத்தில் நாலடி தள்ளித்தான் நிற்பார்கள். பில்லியின் பெண்களோ தூக்கிய காலைக் கீழே வைக்க மாட்டார்கள். எதிரணி முகம் சிவந்து பின்னால் நடக்கும், எங்கள் பெண்கள் நிம்மதியாக மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த கோலுக்குத் தயாராவார்கள்.

இதை அவள் மைதானத்தோடு விட்டாளா? பேருந்தில் விசில் அடித்தாள், சாப்பாட்டுக் கூடத்தில் அடித்தாள். பால் குடித்துக்கொண்டிருந்த பெண் பால் மோவாயில் வழிய வழிய நிற்பாள். அம்மாக்களுக்கு ஒரே குஷி, ஆளுக்கொரு விசில் வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை டௌசன் முச்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் அடித்து, போங்க போங்க என்று கை காட்டினார். மூன்று கார்கள் கிரீச்சென்று நின்றுவிட்டன. மூன்றையும் ஓட்டியவர்கள் எங்கள் அணியில் ஆடிய பழைய பெண்கள். அதில் ஒருத்தி நீதிபதி வேறு.

அப்புறம் மேலே இருக்கிறவர்கள் விதியை மாற்றிவிட்டார்கள். இனி விசில் அடித்தாலும் நிற்க வேண்டாம், நகரலாம், பந்து கிடைத்தவள் உடனே கிளம்பலாம்.

புது விதியில் முதல் ஆட்டம். நடுவர் விசில் அடித்தார். எங்கள் பெண்கள் கல்தூண் மாதிரி நின்றார்கள். எதிரணியில் ஒரு பொடிசு, "கொஞ்சம் வழி விடுங்க அக்கா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே நடுவில் புகுந்து போய் கோல் போட்டாள். பதினாலுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த இரண்டும் எதிரணி பாவம் பார்த்து விட்டதோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

பள்ளி நிர்வாகத் தலைவர் பிண்டர் மறுநாளே வந்தார். மனுஷர் எப்போதும் ஆறுதல் சொல்கிற குரலில்தான் பயமுறுத்துவார்.

"இந்த வருஷம் கோப்பை வரலேன்னா, உங்களுக்கு ஒரு நல்ல விருந்து வெச்சு மரியாதையா அனுப்பி வெச்சிடலாம்னு இருக்கோம் பில்லி."

அவர் போனபிறகு பில்லி காரில் ஏறி உட்கார்ந்தாள், சாவியைப் போடவில்லை.

"விருந்தாம்டி. நண்டு வடையைத் தின்னுட்டு வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவேன் லோர்னா? எனக்கு வேற என்ன தெரியும்?"

அவளுக்கு நிஜமாகவே வேறெதுவும் தெரியாது. முட்டை அவிக்கச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்கிவிடுவாள்.

கற்றுக்கொடுத்ததை மறக்கவைக்க அவள் படாத பாடில்லை. விசில் அடித்துவிட்டு ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சினாள். பெண்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். மைதானத்து ஓரம் மேய்கிற முரட்டு வாத்துகளைச் சோளம் போட்டு உள்ளே வரவழைத்தாள். அணித் தலைவி டெலனியின் ஷூ கயிற்றை ஒன்று கவ்வி இழுத்தது.

"கோச், இது கடிக்குது."

"அப்ப ஓடேன்டி."

"நீங்கதான விசில் அடிச்சீங்க?"

எனக்கு வந்ததே கோபம். பில்லி அப்போது மேலே இனிப்பு நுரை ஊற்றிய ஐஸ் ஒன்றை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அவள் கழுத்திலிருந்த விசிலைப் பறித்து நானே ஊதினேன். பில்லி திறந்த வாயோடு நின்றுவிட்டாள். ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டியது. பயிற்சியாளரான இத்தனை வருஷத்தில் ஊதியவள் அவளேதான், அவளைப் பார்த்து யாரும் ஊதியதில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

"கோச், நீங்களே ஆடாம அசையாம நிக்கறீங்க," என்றாள் டெலனி. "அப்புறம் எங்களைத் திட்டினா எப்படி?"

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். பெண்கள் ஊதினார்கள், பில்லி நகரவேண்டும். பல் டாக்டரிடம் போனாலும் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி நின்று ஊதினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது ஒருத்தி ஊத, பாதிரியார் கையைக் குலுக்கியபடியே பில்லி நின்றுவிட, பின்னால் வரிசை தேங்கிப்போனது. பாதிரியார் பாவம், கையை உருவிக்கொள்ளவும் தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒருநாள் மளிகைக்கடை வாசலில், நிரம்பி வழிந்த தள்ளுவண்டியோடு அவள் வரும்போது டெலனி ஊதினாள். பில்லிக்கு முகமெல்லாம் வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தாள், அடுத்த காலையும் வைத்தாள், அப்புறம் நிறுத்தத் தெரியாமல் வண்டியோடு சரிவில் ஓடினாள். அவளைப் பிடிக்கப் பெண்கள் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். டெலனி ஊதிக்கொண்டே ஓடினாள். விசில் சத்தத்தில் தாங்கள் ஓடுகிறோம் என்பதே பாதி வழியில்தான் அவர்களுக்கு உறைத்தது.

அதன்பிறகு தோற்கவில்லை. ஆனாலும் ஒரு சின்னத் தயக்கம் மிச்சமிருந்தது. விசில் அடித்ததும் எல்லாத் தலையும் ஒருமுறை பில்லி பக்கம் திரும்பும், அவள் "போ போ" என்று கை வீசினால்தான் கால் எழும்பும்.

இறுதி ஆட்டம் ஆல்டன் பள்ளியோடு. ஒன்பதுக்கு ஒன்பது, நேரம் முடியப்போகிறது. பிண்டர் முன்வரிசையில் டை கட்டி உட்கார்ந்திருந்தார், விருந்துக்கு இடம் பார்த்துவிட்டார் என்று கேள்வி. ஆல்டன் பெண் ஒருத்தி டெலனியின் கையில் மட்டையால் அடித்துவிட, நடுவர் மார்னி விசில் ஊதினாள். அவளும் எங்கள் பழைய பெண்தான், யாருக்கும் சலுகை காட்டாதவள்.

ஒரு தலைகூட பில்லி பக்கம் திரும்பவில்லை. டெலனி பறந்தாள், மற்றவர்களும் பறந்தார்கள். கோல். அதோடு முடிவு மணியும் அடித்தது.

நான் பில்லியைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். பக்கத்தில் ஆளைக் காணோம். பயிற்சியாளர் தாண்டக்கூடாத கோட்டைத் தாண்டி, மைதானத்தில் பாதி தூரம் ஓடிப்போய் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். விசிலுக்கு அவள் காலும் கிளம்பிவிட்டது. அந்தப் பக்கம் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி குவியலாக விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பிண்டர் "அடுத்த வருஷமும் நீங்கதான்" என்று டையை ஆட்டிக் கத்தினார். பில்லி காதில் எதுவும் விழவில்லை. நான் ஓடிப்போனபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பாக்கல லோர்னா."

"வருத்தமா இருக்கா?"

"ஆமா," என்றாள். "ரொம்ப சந்தோஷமாவும் இருக்குடி."

அதற்குள் மார்னி மஞ்சள் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி வந்துவிட்டாள்.

"கோட்டைத் தாண்டிட்டீங்க கோச். விசில் அடிச்சா ஓர் அடி நகரக்கூடாதுன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"தப்பா சொல்லிக் குடுத்துட்டேன் கண்ணு," என்றாள் பில்லி.

மார்னி அட்டையைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். பில்லி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குவியலாகக் கிடந்த பெண்களை நோக்கி ஓடினாள்.