வெட்டாமல் விட்ட பங்கு

அது சித்திரையில் நடந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை, பங்குனியில். உத்திரம் கழிந்த வாரம் என் நவரை நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றால் கதிரெல்லாம் பதராகிவிடும் என்ற கவலையில் இருந்தவன் நான். மாதம் எனக்குத் தப்பாது.

பாலாற்று மணலுக்கடியில் ஊறும் நீரை எங்கள் ஊருக்குக் கொண்டுவருவது ஊற்றுக்கால். ஆண்டுதோறும் மணல் மூடிவிடும். வாரி வெட்ட வேண்டும். அதில் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் வெட்டுவதற்கு இன்ன இடம் என்று பங்கு உண்டு. வயல்காரர், வெற்றிலைத் தோட்டக்காரர், மசூதி, சேரி, தோல் பதனிடும் ஷாப்பு எல்லோருக்கும் அதே முறைதான். ஆனால் ஷாப்பிலிருந்து ஓர் ஆளும் வரமாட்டான். சண்டை எதற்கென்று அந்தப் பங்கையும் நாங்களே வெட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் தப்பு அது.

அந்த வருஷம் ஷாப்புக்காரர் தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரைக் ஊற்றுக்காலிலேயே திறந்துவிட்டார். வெற்றிலைக் கொடி கருகியது. மசூதித் தொட்டியில் கைகால் கழுவியவர்களுக்குத் தோல் வெடித்தது. மசூதியைக் கவனித்துவந்த பெரியவர் எல்லோரையும் அழைத்தார். ஷாப்பில் வேலை செய்யும் சேரிக்காரர்களும் வந்தார்கள். அதுவரை எங்கள் தெரு ஆட்கள் அவர்களோடு சமமாக உட்கார்ந்ததில்லை.

“மனு போட்டுப் போட்டு பேஜாராய்ட்டேன்,” என்றார் பெரியவர். “இந்தத் தடவை அவர் பங்கை அவரே வெட்டட்டும். நாம தொட வேணாம்.”

“நமக்கும்தானே தண்ணி நிக்கும், பாய்?” என்றேன்.

ஷாப்புச் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்யும் சேரிக்காரர் ஒருவர் சொன்னார்: “நிக்கட்டுங்க. மொதல்ல அவர் வாசல்லதான் நிக்கும்.”

அப்படியே செய்தோம். மேலே வெட்டிய காலில் வந்த தண்ணீர், ஷாப்பு வாசல் மணலில் முட்டி, அவர் விட்ட சுண்ணாம்புத் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே ஏறியது. தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியல் நனைந்தது. ஷாப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு மணலை வெட்டச் சொல்லிக் கூலியாட்களைக் கூப்பிட்டார். “எங்க வூட்டுப் பங்கு வெட்டியாச்சுங்க. இது உங்களுது,” என்று அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார்கள்.

என் மனைவி கேட்டாள்: “இன்னாங்க, ஊரே ஒத்துமையா பட்டினி கெடக்கப் போவுதா?”

“ஆமா,” என்றேன்.

வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர் தம் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து என் மேல்காணிக்குத் தண்ணீர் விட்டார். கீழ்க்காணிக்கு எட்டவில்லை.

ஏஜெண்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டரை அழைத்துவந்தார்.

“ஊத்துக்கால யார்யா அடைச்சது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யாரும் அடைக்கலீங்க,” என்றேன். “ஷாப்புப் பங்கு வெட்டாம கெடக்குது.”

“நீங்களே வெட்டிடுங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

“ஷாப்புக்காரர் தன் நெலத்துலயே குழி எடுத்து சுண்ணாம்புத் தண்ணிய விடட்டும். அப்புறம் வெட்டறதப் பத்திப் பேசலாம்.”

“கேஸ் போட்டா?”

“எங்க எல்லார் பேர்லயும் போடணுங்க,” என்றார் பெரியவர். “தாலுக்கா கச்சேரியில எடம் பத்தாது.”

இன்ஸ்பெக்டர் வாசல் சேற்றைப் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். பட்டை அழுகத் தொடங்கிய பிறகு ஷாப்பு நிலத்தில் குழி தோண்டினார்கள். ஏஜெண்டே மண்வெட்டியோடு ஊற்றுக்காலில் இறங்கினார்.

தண்ணீர் வந்தபோது என் கீழ்க்காணி முழுவதும் பதர். அறுத்து மாட்டுக்குப் போட்டேன். அடுத்த பங்குனியிலும் ஷாப்புப் பங்கில் நாங்கள் கைவைக்கவில்லை. ஏஜெண்டு வரும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம்.