பால் பொங்கும் வரை

ஸ்டவ் விற்ற காலத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் கதவடைப்பு. மாதக்கணக்கில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொரட்டூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஒருவர் மண்ணெண்ணெயில் எரியும் திரி ஸ்டவ் செய்துகொண்டிருந்தார். கடைகளில் அதைச் சீந்துவார் இல்லை. வீடு வீடாகக் கொண்டுபோய் விற்க ஒரு பெண் வேண்டும் என்று அவர் சொன்னது என் காதுக்கு வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றேன்.

முதலாளி பெரிய பக்திமான். நெற்றி நிறைய விபூதி, பேச்சுக்குப் பேச்சு கடவுள். முதல் நாளே எனக்கு இரண்டு விதி சொன்னார்.

"பொய் மட்டும் சொல்லாதம்மா. மேல ஒருத்தன் பாத்துகினு கீறான். அதே மாதிரி, அவங்க கேக்காதத நீயா சொல்லாத."

ஸ்டவ் பெட்டிக்குள் சிவப்பு எழுத்தில் ஒரு காகிதம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். எட்டாவது வரை படித்தவள் நான், எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டேன். எரியும்போது எண்ணெய் ஊற்றக் கூடாது, அணைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம் சொன்னார்.

"அப்போ இதையும் சொல்லிடட்டுமா?"

"நெருப்பு, ஆபத்துன்னு வாயெடுத்தா எவ வாங்குவா? அதான் காகிதம் உள்ள கீதே. நாம இன்னா மறைக்கிறமா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வயிறு காய்ந்தவளுக்கு எது நியாயமாகப் படாது!

முதல் இரண்டு வாரம் ஒன்றும் போணியாகவில்லை. விறகும் மரத்தூளும் எரித்த கைகள் ஸ்டவ்வைத் தொடவே பயந்தன. கரையான்சாவடியில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குதே, இதுல பொங்கி சாமிக்குப் படைக்க முடியுமா?" பஸ் வரும் வரை அந்தக் கேள்வியையே மென்றுகொண்டு நின்றேன். பஸ் வருவதற்குள் யோசனை வந்துவிட்டது.

மறுநாள் பையில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு சின்ன வெண்கலப் பாத்திரம். ஸ்டவ்வுக்கு மஞ்சள் பூசினேன். மூன்று பொட்டு வைத்தேன். கற்பூரம் ஏற்றி, அந்தச் சுடரிலிருந்து திரியைக் கொளுத்தினேன். ஒரு டம்ளர் எண்ணெய், அரைப்படிப் பால். "இது அம்மன் கொடுத்த தீ. நீங்க வாங்கினதும் முதல்ல பால் வைங்க. பால் பொங்குற வரைக்கும் தீ அணையக் கூடாது" என்றேன். பால் பொங்கி வழிந்தபோது சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கே இரண்டு ஸ்டவ் போயிற்று.

புது வீட்டில் பால் காய்ச்சும்போது நடுவில் அடுப்பு அணைந்தால் பெண்களின் முகம் எப்படி இருண்டுபோகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு இருந்த வழக்கத்தை நான் ஸ்டவ்வுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். நானும் கும்பிட்டுக்கொண்டேதான் விற்றேன். கும்பிடாதவளாக இருந்திருந்தால் அந்தப் பயத்தை இவ்வளவு சரியாகத் தொட்டிருக்க முடியாது. அதுதான் கேவலம்.

ஆவடி முழுக்கச் சுற்றினேன். கோவில்பதாகையில் ஒரு வீட்டு மருமகள் என்னிடம் வாங்கினாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கை நிறையக் கண்ணாடி வளையல். ஸ்டவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே போக இருந்தவள் திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, பால் பொங்கறதுக்குள்ள எண்ணெ தீந்துட்டா இன்னா பண்றது?"

கேட்டுவிட்டாள். முதலாளியின் விதிப்படியே பார்த்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெருப்பு என்ற பேச்சை எடுத்தால் நழுவிவிடுவார்கள்.

"அதெல்லாம் தீராதும்மா. ஒரு டம்ளர் தாராளமா போதும்" என்றேன்.

அரைப்படிப் பாலுக்கு அது உண்மைதான்.

பத்து நாள் கழித்து அதே தெருவுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடிவந்தாள். தை வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெண் தலைக்குக் குளித்து, வீடு மொத்தத்துக்கும் பொங்க வேண்டும் என்று பெரிய குண்டானில் பால் வைத்திருக்கிறாள். பால் சூடேறுவதற்குள் தீ இறங்கத் தொடங்கிவிட்டது. எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, எரிகிற ஸ்டவ்விலேயே ஊற்றியிருக்கிறாள். நைலக்ஸ் புடவை, நொடியில் உடம்போடு பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து செத்துப்போனாள்.

"நான்தான் மொதல்ல ஓடினேன். 'அணையப் பாத்துச்சுக்கா, அதான் ஊத்துனேன்'னு சொல்லிகினே வுழுந்தா" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கெழம அதுவுமா தீட்டோட தொட்டிருப்பா போல. இல்லன்னா அம்மன் ஏத்துன தீ ஏன் அணையப் போவுது?"

அவள் நிறுத்தவில்லை. "எங்க ஊட்ல எல்லாம் சுத்தபத்தமாத்தான் இருப்போம். எனக்கு ஒண்ணு குடு."

கொடுத்தேன். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றிக் கொடுத்தேன். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரியும் வாங்கினாள். ஒருத்தி செத்த தெருவில் அன்று இரண்டு ஸ்டவ் விற்றவள் நான். இதை என் கணவரிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கிளம்பி, விற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். அன்று வாங்கிய இரண்டு பேரிடமும் முதலில் சொன்னேன். "எரியும்போது எண்ணெய் ஊத்தாதீங்க. பால் பொங்காட்டியும் பரவாயில்ல, அணைச்சிடுங்க." சிலர் தலையாட்டினார்கள். சிலர் அபசகுனம் பேசாதே என்று கதவைச் சாத்தினார்கள். முதலாளிக்குச் செய்தி போயிற்று. என்னிடமிருந்த ஸ்டவ் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "சாமி மேல பழி போடற வாய் வெளங்காது" என்று என்னை அனுப்பிவிட்டார். சாமி மேல் பழி போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

கோவில்பதாகையில் அந்த ஒரு வீட்டை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்தவளை அப்படியே விடமாட்டார்கள். புடவையும் பூவும் வைத்துப் படைத்து, பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். இவளுக்கு அது கிடையாதாம். தீட்டோடு அம்மன் தீயைத் தொட்டவளுக்குப் படைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்ட பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

மாமியார்க்காரி கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கரிபிடித்த ஸ்டவ் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. நான் பூசிய மஞ்சள் ஒரு ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் குறைந்தால் எந்த ஸ்டவ்வும் அணையும், அதில் அம்மனுக்கு வேலை இல்லை. எரியும்போது ஊற்றினால் யார் ஊற்றினாலும் பற்றும். அம்மன் கொடுத்த தீ என்பது விற்பதற்காக நான் கட்டிய கதை. உங்கள் மருமகள் வாய்விட்டுக் கேட்டாள், நான்தான் சொல்லாமல் விட்டேன்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கீரையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள்.

"அப்போ அவ சுத்தமாத்தான் இருந்தாளா?"

"ஆமாம்மா."

"ஆஸ்பத்திரில மூணு நாளும் கேட்டேனே. 'தீட்டாடி? உண்மையச் சொல்லுடி'ன்னு கேட்டேனே. இல்ல அத்தே, இல்ல அத்தேன்னு சொல்லிகினே இருந்துச்சு. நான் நம்பலையே."

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் துணிப்பெட்டியைத் திறந்து, மருமகளின் புடவைகளில் எது புதுசு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.