ஏலக்காட்டு முறையில் வளர்ந்த கொத்தமல்லி

காய்கறி வாங்கினால் கொசுறாக நாலு கொத்தமல்லித் தழை தருவது போடியில் வழக்கம். கேட்பவர்களுக்குத்தான் தருவார்கள். எனக்குக் கேட்க வாய் வராது. அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினாலோ தெருவே சிரிக்கும். எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி இரண்டு வருடமாக எங்கள் வீட்டு ரசத்தில் தழையே மிதந்ததில்லை.

வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார், திங்கள் விடியலில் ஏறிவிடுவார். வீட்டுக்குள்ளேயே தகர டின்னில் மல்லி போடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஏலத்தையே வளத்த கை இது. மல்லி எம்மாத்திரம்?"

அடுத்த வாரம் மலையிலிருந்து ஒரு சாக்கு இலைமக்கு மண் வந்தது. டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். முழு மல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்துக் கொடுத்தேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு டின்னை அடுப்படியின் இருட்டு மூலையில் வைத்து, சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்.

"வெயில் வேணாமாங்க?"

"மேட்டுல மரத்த எதுக்கு விட்டு வச்சிருக்கோம்? நெழல் இல்லேன்னா கருகிரும். நீ தண்ணிய மட்டும் தெளி."

எங்கள் ஊரில் ஏலம் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும். தெளித்தேன். மல்லி நூல் மாதிரி வெளிறி நீண்டு, சாக்கின் கிழிசலைப் பார்த்துச் சாய்ந்தது. மூன்றாம் சனிக்கிழமை வந்தவர் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "கட்டே நோயி" என்றார். அது ஏலச்செடிக்கு வரும் நோய். மல்லிக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மல்லியும் கேள்விப்பட்டிருக்காது. நோய் கண்டதைப் பிடுங்காவிட்டால் பரவும் என்பது தோட்டத்துச் சட்டம். பிடுங்கினார். ஏழு செடி மிஞ்சியது.

"இது போதும். அடுத்த சனிக்கிழமை தோட்டத்துல கணக்கெழுதுற ரைட்டரச் சாப்பிடக் கூட்டியாறேன். நம்ம வீட்டு மல்லி ரசம்னு சொல்லிட்டேன்."

புதன்கிழமை அந்த ஏழும் படுத்துவிட்டன. சனிக்கிழமை காலை காய்கறிக் கடையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, கூட்டம் கலையட்டும் என்று நின்றேன். கலையவில்லை.

"கொசுறு" என்றேன்.

கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஆத்தா, ஒனக்குப் பேச வருமா? ரெண்டு வருசமா ஊமைன்னுல்ல நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். முந்தானையில் கைகொள்ளாத் தழை விழுந்தது.

ரசத்தை உறிஞ்சிய ரைட்டர், "என்னா மணம்" என்றார்.

"நெழல் வளப்புண்ணே. அதான் சூட்சுமம்."

டின் காலியாக இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன் என்றேன். அது பொய்யில்லை, செத்ததைத்தான் கிள்ளியிருந்தேன்.

திங்கட்கிழமை ஜீப் போனதும் சாக்கைக் கழற்றி, டின்னைச் சன்னலில் வைத்து மறுபடி விதைத்தேன். காலை வெயிலில் மல்லி குட்டையாக, அடர்ந்து வந்தது. மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும், ஜீப் வருமுன் சாக்கைத் தொங்கவிட்டு, டின்னை இருட்டு மூலைக்குத் தூக்கி வைப்பேன். அவர் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, தன் முறையைப் பற்றி மறுபடியும் விளக்குவார்.

கொசுறு கேட்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை.