ஒரு வெள்ளாடும் இரண்டு ஆங்கிலச் சொற்களும்

எங்கள் புக்கிட் பாத்தோக் புளோக்கின் மின்தூக்கியில் போன வாரம் யாரோ ஓர் ஆங்கில அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். புறாக்களுக்குத் தீனி போடுவது 'ஃப்ரவுன்ட் அப்பான்' என்று இருக்கிறது. நான்கு மூலைகளில் மூன்றுக்குத்தான் ஒட்டுநாடா. பதினொன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து முறை படித்துவிட்டேன். அந்த இரண்டு சொற்களை ஒன்பது வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அப்போது அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பட்டறை கொடுத்த குவார்ட்டர்சில் வரிசைக்குப் பத்து வீடு, எங்களுடையது ஏழாவது. தங்கைக்கு ஆறு மாதம். காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்குப் பால் நின்றுவிட்டது. டின் பாலைக் கொடுத்தால் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு முறை வயிற்றால் போனது. அப்பா எங்கிருந்தோ ஒரு வெள்ளாட்டைப் பிடித்துவந்து பின்கட்டில் கட்டினார். ஆட்டுப்பால் கொடுத்த நான்காம் நாள் வயிறு சரியாயிற்று.

ஒன்பதாம் நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான். குவார்ட்டர்சில் ஆடுமாடு வளர்ப்பது 'ஃப்ரவுன்ட் அப்பான்' என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன்.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"ஆடு வளர்த்தா முகத்தைச் சுளிப்பாங்களாம்."

"அவுத்துவிடச் சொல்லியிருக்கா?"

"இல்லப்பா. மூணு தடவை பாத்துட்டேன்."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா, கைப்புள்ளைய வச்சிக்கிட்டு எங்கங்க போறது?" என்றார் அம்மா.

"அதான் தம்பி படிச்சுச் சொல்றான்ல? முகத்தைத்தான் சுளிப்பானாம். சுளிச்சிட்டுப் போகட்டும்லா." அப்பா கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினாறு நாள் கழித்து அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். என்னையும் அழைத்துப் போனார். அகராதியை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். அங்கே தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்துக்குப் பிறகும் ஆடு ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

"பையன்தாங்க ஐயா படிச்சுச் சொன்னான். அவனையே கேளுங்க."

நான் பக்கத்தைத் திறந்து காட்டி, சொன்னதையே மறுபடி சொன்னேன். அறையில் இருந்த மற்ற நான்கு கிராணிகளும் சிரித்தார்கள். "அகராதியையும் ஆட்டுக்குப் போட்டுடு தம்பி, நல்லாத் தின்னும்" என்றார் ஒருவர்.

பெரிய கிராணி சிரிக்கவில்லை. "வெள்ளைக்காரன் கூடாது எண்டு எழுதமாட்டான், தம்பி. இப்பிடித்தான் எழுதுவான். ரெண்டும் ஒண்டுதான்" என்றார். பிறகு அப்பாவிடம், "ஒரு கிழமை தாறன். அதுக்குப் பிறகும் ஆடு நிண்டால் வீடு போயிடும்" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "புரியாமப் போச்சுங்க ஐயா. சின்னப் பையன்."

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு அடி. அழுதுகொண்டே எண்ணினேன். அப்பா ஒரு சொல்லும் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் அம்மாவிடம், "ஏழு நாள் இருக்கு. அதுக்குள்ள கஞ்சி குடுத்துப் பழக்கிடு" என்று மட்டும் சொன்னார். ஏழாம் நாள் சிராங்கூன் ரோட்டுப் பால்காரர் வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். தங்கை அம்மா மடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

என் அரைகுறை ஆங்கிலத்தால் அப்பா நாலு பேர் முன்னால் தலைகுனிந்தார் என்று வெகுகாலம் வெட்கப்பட்டேன். அதற்காகவே ஆங்கிலத்தை விழுந்து விழுந்து படித்தேன். பதினேழு வருடம் வெள்ளைக்காரர்களின் முகங்களைப் பார்த்து வேலை செய்தவருக்கு, அவை சுளித்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல ஓர் அகராதி வேண்டியிருந்திருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடிதம் வந்த பிறகு தங்கைக்கு இருபத்து மூன்று நாள் பால் கிடைத்திருக்கிறது. அடிகளை எண்ணிய நான் அந்த நாட்களை எண்ணவில்லை.