தொட்டிலுக்கு மேலே பைக் பத்திரிகைகள்

சலூன்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. யார் பின்னாலாவது உட்கார்ந்து போனாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஆனால் எந்தக் காலத்து வண்டிக்கு எந்த டேங்க் என்று கேட்டுவிட்டால் போதும், முகத்தில் போட்ட நுரை காயும்வரை பேசுவார். கடைக்கு வருகிறவர்கள் புரட்டட்டும் என்று வாங்கிப்போட்ட பைக் பத்திரிகையை யாரோ கிழித்துவிட, மனசு கேட்காமல் மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிவந்தார். அன்று பிடித்த பைத்தியம். இப்போது மாடி அறையில் கட்டில் போட இடமில்லை.

பழைய தாளுக்குச் சுவர்தான் எமன். ஈரம் ஏறினால் பக்கமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் அறையின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருந்தார். பார்க்க வருகிறவர்களிடம் இந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். பழைய மரத்தளம் நடுவில்தான் முதலில் தொய்யும் என்பது மட்டும் அந்த மண்டைக்கு எட்டவில்லை.

கீழறையில் மகளும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

"அப்பா, தொட்டில்ல மண்ணு மண்ணா விழுதுப்பா. என்னன்னு பாரேன்."

"பழைய வீடும்மா. உதிரத்தான் செய்யும்."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார். சீப்பு நுழையும் அளவுக்கு விரிசல். வாயைத் திறந்தால் மனைவி அன்றைக்கே பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டுவிடுவாள். காற்று வரட்டும் என்று ஒரு சாக்குச் சொல்லித் தொட்டிலை மூலைக்கு நகர்த்தினார். நாளைக்கு ஏதாவது செய்யலாம் என்றார் தனக்குத் தானே. அந்த நாளை வரவே இல்லை, பயம் மட்டும் தினமும் வந்தது. கடையில் சவரக் கத்தி பாதியில் நின்றது. வீட்டிலிருந்து யாராவது ஓடிவருகிறார்களா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கழுத்து என்னோடது. இங்க பாருங்க!" என்றார் வாடிக்கையாளர்.

கடை விடுமுறை நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது படாரென்று சத்தம். வீடே அதிர்ந்தது. ஈரக் கையோடு மாடிக்கு ஓடினார். அறையின் தளம் நடுவில் உள்வாங்கி, அடுக்கெல்லாம் சரிந்து கிடந்தது. கைக்கு அகப்பட்டதை வாரி அணைத்துக்கொண்டு இறங்கி, புழுதிக்குள் இருமிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

மகள் அங்கே நின்றிருந்தாள். தலைமுடியெல்லாம் காரை. தோளில் குழந்தை வீறிட்டு அழுதது.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

அவள் அவர் கைகளைப் பார்த்தாள்.

"உள்ளேயிருந்து கத்தினேனேப்பா. என் கதவைத் தாண்டித்தானே மேல ஓடினே?"

"இல்லம்மா... பாரத்தை இறக்கலாம்னுதான்..."

அதை அவராலேயே நம்ப முடியவில்லை. அவளுடைய குரல் காதில் விழுந்ததா இல்லையா என்று யோசித்துப் பார்த்தார். விழுந்திருந்தது. குழந்தையை வாங்கப் போனால் இரண்டு கையிலும் பத்திரிகை. மகள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அம்மா நின்ற பக்கம் போனாள்.