எலுமிச்சம்பழம் ஏற்றிய வண்டி

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் பெயருக்கு முன்னால் ‘சோழவரம்’ என்று சேர்க்கலாமா என்று சித்தப்பா ஆள் அனுப்பிக் கேட்டார். அப்படிப் போட்டால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றாராம். சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எனக்கு அழகாக எழுத வராது.

அண்ணன் சேரப்பணஞ்சேரியில் பிறந்தார். எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அம்மா சீக்கிரம் போய்விட்டார். எனக்குத் தலை பின்னிவிட்டதுகூட அண்ணன்தான். படிப்பு எட்டாவதோடு நின்றது. தாம்பரம் வரை பஸ், அப்புறம் ரயில் என்று சென்னையில் ஒரு கார் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பல வருஷம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே வேலை செய்தார்.

பட்டறை முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயங்களில், வளைவே இல்லாமல் நேர்கோட்டில் பாய்ந்து முடிக்கும் ‘டிராக்’ பந்தயம் ஒன்று உண்டு. அதற்கென்றே மூக்கு நீண்டு, பின்சக்கரம் பெருத்த வண்டி ஒன்று கட்ட நினைத்தார். முதலில் சின்னதாகச் செய்து காட்டுங்கள், சரியாகச் செய்தவனுக்கே பெரிய வண்டியின் பொறுப்பு என்று ஆட்களிடம் சொன்னார். அண்ணன் நான் செய்கிறேன் என்றார். வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து நிற்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டார். சட்டம் முழுக்க உடைந்த குடையின் கம்பி. ஈயம் காய்ச்சிப் பற்ற வைத்தார். மேல்தகடு மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டியது. பின்சக்கரங்கள் பஸ் டயர் துண்டைச் சீவி உருட்டியவை. மோட்டார் காயில் கம்பியை இழுத்துக் கட்டி முன்சக்கரத்துக்கு ஆரக்கால் வைத்தார். எஞ்சினை உடைந்த பிஸ்டனிலிருந்து அறுத்தார். புகைக்குழாய்கள் மை தீர்ந்த பேனா ரீஃபில்கள். தகட்டில் ஆணி தெரிய வேண்டிய இடத்திலெல்லாம் குண்டூசித் தலையை வெட்டிப் பதித்தார். ஓட்டுபவரின் இடுப்புப் பட்டைக்கு என் பாவாடை நாடாவில் ஒரு துண்டு கேட்டார். திட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். கடைசியில் கொசு மருந்து பம்பில் சிவப்புப் பெயின்டை ஊற்றி அடித்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும்.

அப்பாவுக்கு அது அவமானமாக இருந்தது. கல்யாண வயதுப் பிள்ளை பொம்மை செய்கிறான் என்று ஊர் பேசியது. யாராவது வந்தால் அதன்மேல் முறத்தைக் கவிழ்த்து வைப்பார். முதலாளியே அதைக் கேட்டிருக்கிறார், விஜயதசமியன்று பெரிய வண்டி வேலையைத் தொடங்கப் போகிறார் என்று தெரிந்ததும் அப்பா அடியோடு மாறிப்போனார்.

ஆயுத பூஜையன்று அண்ணன் கிணற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். அப்பா ஏர், மண்வெட்டி, மாட்டு வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அந்தக் காரையும் எடுத்துவந்து வரிசையில் வைத்தார். முந்தின நாள் அடித்த பெயின்ட் முழுக்கக் காயவில்லை. அதன்மேல் ஈரச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். பிறகு நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினார். அந்த எடைக்குப் பழம் நசுங்குமா? உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நான் கற்பூரத் தட்டோடு வெளியே வரும்போது படக்கென்று சத்தம் கேட்டது. முன் அச்சு வளைந்து, சட்டத்தின் நடுவில் ஈயப் பற்று விட்டிருந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. பழம் நசுங்கியதை மட்டும் பார்த்தார்.

ஈரத் துண்டோடு வந்த அண்ணனிடம், “பழம் ஏத்திட்டேன்பா. இனிமே உன் வண்டிக்கு ஒரு கொறையும் வராது” என்றார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் வண்டியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். “சரிப்பா” என்றார். பேசாதே என்று எனக்குக் கண்ணாலேயே சொன்னார்.

முடிந்தவரை நிமிர்த்தி மறுபடி ஈயம் வைத்தார். கோணல் போகவில்லை. சந்தனத்தைத் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வந்தது. மறுநாள் முதலாளி பார்த்துவிட்டு, இதை நம்பி எவன் உட்காருவான் என்று கேட்டு, வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் காரணம் சொல்லவில்லை. திரும்பும்போது காரை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கியதாக என்னிடம் மட்டும் சொன்னார். பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்த அப்பாவிடம் சொன்னது வேறு: “புடிச்சிருக்குன்னாருப்பா. அவரே வச்சிக்கினாரு.”

அப்பா மணிமங்கலம் வரை போய்ப் பெருமை பேசினார். பந்தயம் வந்ததும் அண்ணனிடம் சொல்லாமலே சித்தப்பாவையும் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு சோழவரம் போனார். அங்கே ஓடிய வண்டி வேறு ஒருவர் கட்டியது. அண்ணன் பெட்ரோல் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா, உன் வண்டி எங்க? கையில கீதே, அந்த டின்னா?” என்றார் சித்தப்பா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பி நடந்தார்.

‘சோழவரம்’ என்ற பெயர் அன்றைக்கு வந்தது. பொய்க்காரன் என்று அதற்கு அர்த்தம். பெண் பார்க்கப் போன வீடுகளுக்கும் அந்தப் பெயர் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்குக் கல்யாணமே நடக்கவில்லை. அப்பா சாகும்வரை அவரிடம் நேராகப் பேசவில்லை. “அவன சாப்பிடச் சொல்லு” என்று என்னிடம் சொல்வார். அண்ணன் பக்கத்திலேயே நின்றிருப்பார். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க அவர் சட்டியை ஏந்தி நடந்தபோதுகூட, “சோழவரம் வந்துட்டான்” என்று பின்னால் ஒரு குரல். சிரித்தவர்கள் யார்? நம் ஆட்கள்தான். அதை நினைத்தால் நம் குடும்பத்தின் பெயரைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்பாதான் போய்விட்டாரே, இப்போதாவது எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்மா. சொன்னா அப்பாவப் பாத்து சிரிப்பாங்க. என்னப் பாத்து சிரிச்சி அவங்களுக்கும் பழகிடுச்சி, எனக்கும் பழகிடுச்சி” என்றார்.

அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதியிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று பழம் வைத்தவர் அப்பா. அவர் மனம் நோகக் கூடாது என்று பேர் கெட்டவர் அண்ணன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் ராத்திரி முறைபோட்டு உட்கார்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடைசிப் பத்து நாளும் அண்ணனின் உடம்பு துடைத்த நர்ஸம்மாவுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து பாடை தூக்கிய பட்டறைக்காரர்களுக்கும் நன்றி. வருஷத் திதிக்கு எல்லோரும் வாருங்கள். சித்தப்பா, நீங்களும் வாருங்கள். அப்பா படத்தையும் அண்ணன் படத்தையும் ஒன்றாக மாட்டியிருக்கிறேன். சிரிக்க வேண்டியவர்கள் தெருவிலேயே சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்து சாப்பிடுங்கள்.