மீனம்மா பெரியம்மா ஏறிய சினிமா பஸ்

மீனம்மா பெரியம்மாவுக்கு அறுபத்தோரு வயது. இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவருக்கு நாகலெட்சுமி என்று ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் கப்பலேறி இந்தியாவுக்குப் போய், இரண்டாம் வருடமே காய்ச்சலில் இறந்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஒரே படமும் அவரோடு போய்விட்டது.

“மொகம் மறந்துக்கிட்டே வருது தம்பி. அந்தச் சினிமாவத் தேடிக் குடு. பஸ்ஸுல அவ இருக்கா” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

அது ஏதோ ஒரு பழைய சிங்களப் படம். பெயர் யாருக்கும் தெரியாது. படம் பிடிக்க வந்தவர்கள், முன்பக்கம் மூக்கு நீண்ட பஸ் ஒன்றில் தோட்டத்து ஆட்களை ஏற்றி, ஒரே வளைவில் பகல் முழுக்க மேலும் கீழும் ஓட்டினார்களாம். ஒன்பது வயதுப் பெரியம்மா அக்காவோடு ஜன்னலோரம் இருந்தாராம்.

உயர்தரப் பரீட்சை முடிந்து நான் சும்மாதான் இருந்தேன். மூன்று வாரம் இருவரும் என் போனில் பழைய படங்களாகப் பார்த்தோம். கதை எங்களுக்கு வேண்டாம், பஸ் வந்தால் போதும். ஒரு படத்தில் கொழும்புத் தெருவில் ட்ராம் போனது.

“ரயிலு ஏன்டா கடைத்தெருவுல போகுது?”

“இது ட்ராம், பெரியம்மா.”

“வேணாம், தள்ளு.”

அடுத்த படத்தில் மூக்கு பஸ்ஸே வந்தது.

“இது இல்ல. எங்க பஸ்ஸு செவப்பு. இது கறுப்பு.”

“படமே கறுப்பு வெள்ளை.”

“அப்ப எப்பிடித்தான் கண்டுபுடிக்கிறது?”

எத்தனை சரியான பஸ்ஸைக் கறுப்பு என்று தள்ளியிருப்போமோ! மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

கடைசியில் ஒரு படத்தில் எங்கள் பாலம், எங்கள் வளைவு, அந்தப் பஸ். நிறுத்திப் பார்த்தேன். ஜன்னல்களில் வரிசையாகப் பெண்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. எல்லோரும் தலைத்துண்டை இழுத்து மூடியிருந்தார்கள்.

பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “தீவாளிச் சேல கட்டிக்கிட்டுப் போனோம்பா. அவங்க வேணாம்னுட்டாங்க. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போற மாதிரி இடுப்புல சாக்கக் கட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. சாக்கோட யாரு பஸ்ஸுல ஏறுவா? வெக்கத்துல எல்லாரும் மூஞ்சிய மூடிக்கிட்டாளுங்க.”

ஒரு சிறுமி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி உள்ளிருந்து ஒரு கை வந்து அவள் தலையைப் பிடித்து இழுத்தது.

“அக்கா!” என்று கத்தினார் பெரியம்மா. பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்டா, இந்தப் புள்ள நான்தானா?”

சின்ன வயதில் அவரையும் யாரும் படம் எடுத்ததில்லை. தன் ஒன்பது வயது முகம் அவருக்கே தெரியாது.

அன்று பஸ்ஸில் இருந்தவர்களில் பெரியம்மாவைத் தவிர கீழ் லயத்து அழகம்மா மட்டும்தான் மிச்சம். அவருக்கும் அப்போது ஒன்பது வயது. போனைக் காட்டினோம்.

“அடியே, இது நானு! அது எங்கம்மா கையி!”

“ஒங்கம்மா கை நெறைய வளையலு போட்டிருக்கும்டி.”

“அன்னைக்குக் கழட்டிட்டுத்தான் போச்சு.”

“நீ பாத்தியாக்கும்!”

திரும்பத் திரும்ப ஓட்டினேன். வளையல் இருப்பதுபோலவும் தெரிந்தது, இல்லாததுபோலவும் தெரிந்தது. அழகம்மா அழத் தொடங்கினார். அவருடைய அம்மாவை எடுத்த படமும் ஒன்றுகூடக் கிடையாதாம்.

அடுத்த நாள் பெரியம்மாவோடு ஹட்டனில் மக்பூல் நானாவின் போட்டோக் கடைக்குப் போனேன். அவர் அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, “இதுல யார் முகத்தப் பெருசாக்கணும்?” என்று கேட்டார்.

“மொகம் வேணாங்க. அந்தக் கைய வெட்டிறாம எடுங்க” என்றார் பெரியம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு போடுங்க. ஒண்ணு அழகம்மாவுக்கு” என்றார்.